ஆறு கடைகளும் ஒரு லினக்ஸும்

சரோஜாவின் ஜெராக்ஸ் கடைக் கணினியைத் திறந்தான் சம்பந்தம். போன திங்கட்கிழமை அவன் தன் கையால் ஏற்றிவைத்த லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் அதில் இல்லை. பழைய சிஸ்டம், பழைய வைரஸ்களோடு, எதுவுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தது.

"பிரிண்டர் எடுக்கலியாக்கா?"

"நல்லாத்தான் எடுத்துச்சு."

"தமிழ் எழுத்து ஒடஞ்சுதா?"

"முத்து முத்தா வந்துச்சு."

"அப்புறம் இன்னாத்துக்குக்கா எடுத்தீங்க?"

சரோஜா ஒரு ஆதார் அட்டையை இயந்திரத்தில் கவிழ்த்து வைத்தாள். "ஒரு வாரம் வச்சிருந்தேன் இல்ல தம்பி. அது போதும்" என்றாள், துக்கம் கேட்க வந்தவர்களிடம் பேசும் குரலில்.

சம்பந்தம் பொன்னேரிக்காரன். சிறு கடைகளை லினக்ஸுக்கு மாற்றும் வேலைக்காகச் சென்னை அறக்கட்டளை ஒன்று அவனைப் பழவேற்காட்டில் ஒரு மையம் திறந்து உட்கார வைத்திருந்தது. இன்னும் நான்கு வாரத்தில் மேலதிகாரி நந்தினி பார்க்க வருவார். ஐந்து கடைகளிலாவது அது ஓடவேண்டும். இல்லாவிட்டால் மையத்தை மூடிவிடுவார்கள். அவன் மறுபடியும் ஏதாவது கிடங்கு வாசலில் நின்று லாரி நம்பர் எழுத வேண்டும்.

அவன் கடைகடையாக ஏறிச் சொன்னதெல்லாம் ஒன்றுதான். "இது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்ல. எல்லாருக்கும் பொது." கேட்பவர்கள் தோளில் கிடந்த துண்டை இறக்கிக்கொள்வார்கள். ஆறு கடைக்காரர்கள் அப்படிக் கேட்டார்கள்.

அன்று மாலையே ஐஸ் கம்பெனி சந்தியாகு போன் செய்தார்.

"சம்பந்தம், அந்த லினக்ஸு எனக்குப் போடுப்பா. இன்னிக்கே போடணும்."

சம்பந்தம் ஓடிப்போய்ப் போட்டான். அடுத்த திங்கட்கிழமை பார்த்தால் அங்கேயும் இல்லை.

புதுமுகத்தைக் கண்டு மிரளுகிறார்கள் என்று நினைத்தான். அன்று பகல் முழுக்க உட்கார்ந்து, பழைய சிஸ்டத்தின் சாயலை அப்படியே அதற்குக் கொடுத்தான். தையல்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். ஏழாம் நாள் எடுத்துவிட்டார்கள். வேகம் போதவில்லையோ என்று, வேண்டாததையெல்லாம் கழித்து, கண்மூடித் திறப்பதற்குள் திறக்கும்படி செய்தான். மருந்துக்கடை கேட்டது. அதுவும் ஒரு வாரம்தான். அவன் மெருகேற்ற மெருகேற்ற, ஒரு கடை வந்தது, ஒரு கடை போனது. எந்த நாளில் எண்ணினாலும் ஒன்றுதான் இருந்தது.

பழையதைத் திருப்பிப் போட்டுக்கொடுப்பது மொபைல் கடை ஜெஸ்ஸி என்று தெரிந்து அவளிடம் போனான்.

"நீயுமா ஜெஸ்ஸி?"

"எனக்கும் மனசே வரலண்ணா." ஜெஸ்ஸி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆனா ஊர்ல சொல்லிட்டா நான் இன்னா பண்ண முடியும்?"

கடைசியாக மீன்வலைக்கடை லோகநாயகி கேட்டபோது, அவன் லினக்ஸை ஏற்றி, யாரும் அழிக்க முடியாதபடி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினான்.

செய்தி பரவிய மறுநாள் காலை கடைக்காரர்கள் எல்லோரும் அவன் அறை வாசலில் வந்து நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. சந்தியாகுதான் பேசினார்.

"பூட்ட எடுத்துடு தம்பி."

"அண்ணே, ஒரு கடையிலயாவது நெலச்சு இருக்கட்டுமே."

"ஒரு கடையில நெலச்சிருந்தா ஊரு ரெண்டாப் பூடும். உன்ன நல்லவன்னு நெனச்சிருந்தோம்."

லோகநாயகி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சம்பந்தம் பூட்டை எடுத்தான்.

வெள்ளிக்கிழமை நந்தினி வந்தார். ஜெராக்ஸ் கடை, ஐஸ் கம்பெனி, தையல்கடை, மருந்துக்கடை என்று ஏறி இறங்கினார். போன இடமெல்லாம் பழைய சிஸ்டம். வலைக்கடையில் மட்டும் லினக்ஸ் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

லோகநாயகி திரையின்மேல் ஒரு துணியை இழுத்துப் போட்டாள். "இன்னாமோ ஓடுது."

"மத்தவங்களுக்குச் சொல்வீங்களா?"

"சொல்லவே மாட்டேன்."

பின்னாலேயே வந்த சந்தியாகு குரலைத் தாழ்த்தினார். "இதெல்லாம் சரிப்படாது மேடம். மெட்ராசுக்கும் சரிப்படாது. அங்க யார்ட்டயும் பேச்சுக்குக்கூட எடுக்காதீங்க."

நந்தினி கையிலிருந்த ஃபைலை மூடினார். "நீங்க உழைக்கலைன்னு சொல்லலை, சம்பந்தம்" என்றார். "ஜனங்களுக்குப் பிடிக்கலை. இந்த மாசத்தோட மூடிடலாம்." கார் கிளம்பியது.

சம்பந்தம் பஸ் நிறுத்தத்து டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். ஏரிக்காற்றில் நண்டுக்கூடைகளின் வாடை வந்தது. தான் சொன்ன ஒரு சொல்லையும் இந்த ஊர் நம்பவில்லை என்று தோன்றியது. டீக்கடை வேலம்மா கேட்காமலே ஒரு கிளாஸை நீட்டினாள்.

"எனக்கு வேலையும் போச்சு, வேலம்மா. அப்பிடி இன்னாதான் கெட்டுப்போச்சு அதுல?"

கார் பொன்னேரி ரோட்டில் மறைவதை வேலம்மா எட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவன் பக்கம் குனிந்தாள்.

"கெட்டதா? ஏரியில நல்ல எடம் எல்லாருக்கும் பொதுன்றதாலதான பாடுன்னு வச்சு, மொற வந்தவன் மட்டும் வலை கட்றான்? இதுக்கும் அப்பிடித்தான், சீட்டு குலுக்கி வாரத்துக்கு ஒரு கடை. எம் மருமவ போட்டோக் கடைக்கு வர்ற திங்கக்கெழமதான் பாடு. அந்தம்மாகிட்டப் போயி நல்லாக்கீதுன்னு சொன்னா, மெட்ராஸே வந்து சீட்டுல பேரு எழுதும். அப்புறம் எங்களுக்கு எந்த ஜென்மத்துல நைனா மொற வரும்?"