டெல்வின் பிரித்த மெஷின்

‘டிங்’ என்று ஒரு சத்தம்தான் கேட்டது. பிஸ்டனுக்குள் இருக்கும் பின் கழன்று வராமல் பிடித்துக்கொள்கிற கம்பி வளையம், டெல்வினின் ஸ்க்ரூ டிரைவர் முனையிலிருந்து துள்ளி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பறந்துபோனது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய வளையம்.

எட்டிப் பார்த்தான். கீழே வீட்டுச் சொந்தக்காரி கெம்பம்மா முற்றத்தில் தார்ப்பாய் விரித்து இரண்டு மூட்டை ராகியைக் காயப் போட்டிருந்தாள்.

“என்னங்க, எத எட்டிப் பாக்குதீய?” துணிக்கூடையுடன் மாடிக்கு வந்த மனைவி ஃபெபா கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. காத்து வாங்குதேன்.”

“கையில ஸ்க்ரூ டிரைவரோட என்ன காத்து?”

டெல்வின் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். அடுத்த இரண்டு மணி நேரம் ராகிக்குள் கையை விட்டு அளைந்தான். காந்தத்தில் ஏழு ஆணி, நான்கு ஊக்கு, இரண்டு கொண்டை ஊசி, கெம்பம்மா போன பொங்கலில் தொலைத்த பீரோ சாவி எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தன. வளையம் மட்டும் வரவில்லை.

“அய்யோ தேவரே! சாவி கெடச்சிடுச்சா?” என்று கெம்பம்மா கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுப் பூரித்துப்போனாள். “நீ நல்லா இருக்கணும் தம்பி. நாளைக்கு அவரைக்காயும் காயப் போடுறேன், அதுலயும் கொஞ்சம் தேடிக் குடு.”

டெல்வின் சோர்ந்துபோய் மாடி ஏறினான். மாடியில் விரித்த பழைய போர்வையின் மேல், ரத்தினவேல் சாரின் மரம் அறுக்கும் மெஷின் நாற்பத்து மூன்று துண்டுகளாகக் கிடந்தது.

ரத்தினவேல் சார் என்றால் சிப்காட்டில் டெல்வின் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியின் பிளான்ட் மேனேஜர். டெல்வின் அங்கே ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். பதினோரு வருஷமாக, ஓடிவரும் பம்புகளை ஒருமுறை சுற்றிப் பார்த்து ‘ஓகே’ ஸ்டிக்கர் ஒட்டுவது அவன் வேலை. நாசரேத்திலிருந்து ஓசூருக்கு வந்த நாளாக லட்சம் ஸ்டிக்கராவது ஒட்டியிருப்பான். ஒரு பம்பைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. ஆனால் டீ நேரத்தில் மட்டும், “எங்கப்பா பைக் எஞ்சின நான் கண்ணக் கட்டிக்கிட்டுப் பிரிச்சு மாட்டுவேன்” என்று சொல்லிவிடுவான். அது அவன் வாய் செய்கிற வேலை. அவன் என்ன செய்வான்?

2006ஆம் வருஷம் ஜனவரியில் ஒருநாள் மேனேஜர் அவனைத் தன் அறைக்கு அழைத்தார். மேஜையில் சாக்குப் பையில் சுற்றியபடி இந்த மெஷின் இருந்தது.

“டெல்வின், தளியில எனக்கொரு தோட்டம் இருக்கு. அங்க மரம் அறுக்கறதுக்குன்னு இத செகண்ட் ஹேண்டுல வாங்கினேன். ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. உங்களுக்கு எஞ்சின் வேலை தெரியுமாமே?”

“அத்துப்படி சார்.”

“முழுசா பிரிச்சிடுங்க. ஒரு நட்டு விடாம. வேற யார் கையும் இதுல படக் கூடாது. நீங்களேதான் செய்யணும்.”

டெல்வினுக்குப் புல்லரித்தது. மெயின்டெனன்ஸில் எட்டு மெக்கானிக் இருக்கும்போது சார் தன்னை அழைத்திருக்கிறார். அதுவும், ஜூனில் சூப்பர்வைசர் லிஸ்ட் வரப்போகிற வருஷத்தில்!

“மெக்கானிக் எட்டு பேரு இருக்கும்போது ஒங்கள எதுக்குக் கூப்பிட்டாரு?” என்று ஃபெபாவும் அன்றைக்கே கேட்டாள். “போன வருசம் கேன்டீன் கிரைண்டர நீங்க சரி பண்ணுன அன்னைலேருந்து அங்க சட்னி வெளிக் கடையில இருந்துல்லா வருது?”

“அது கிரைண்டர். இது எஞ்சின்.”

ஃபெபா பாகலூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் லைன் சூப்பர்வைசர். வீட்டில் ஒரு சூப்பர்வைசர் ஏற்கெனவே இருப்பதுதான் டெல்வினின் மனத்தில் உறுத்துகிற முள்.

தொலைந்த வளையத்துக்குப் பதிலாக, ராகியில் கிடைத்த ஊக்குகளில் ஒன்றை வளைத்து மாட்டினான் டெல்வின். அளவு கச்சிதமாக இருந்தது. எல்லாவற்றையும் முறுக்கி, கயிற்றைப் பிடித்து இழுத்தான். மெஷின் இரண்டு முறை இருமியது. மூன்றாவது இழுப்பில், கரும்பு மெஷினில் கல் மாட்டியதுபோல ஒரு சத்தம். அப்புறம் கயிறு அசையவே இல்லை.

திறந்து பார்த்தான். ஊக்கு நிமிர்ந்து, சிலிண்டரின் உள்சுவர் முழுக்கக் கோலம் போட்டிருந்தது.

திங்கட்கிழமை பயந்துகொண்டே மேனேஜர் அறைக்குப் போனான்.

“சார்... சிலிண்டர் போயிருச்சு சார்.”

ரத்தினவேல் சாரின் முகம் மலர்ந்தது. “போயிடுச்சா? முழுசாவா?”

“முழுசா சார். பிஸ்டனும்.”

“உக்காருங்க டெல்வின். டீ சாப்பிடுங்க. வேலைன்னா இப்படித்தான். நீங்க கவலைப்படாதீங்க, எனக்கு அவசரமே இல்ல. ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்ல.”

டெல்வின் நெகிழ்ந்துபோனான். இப்படி ஒரு மனுஷனுக்காக உயிரையே கொடுக்கலாம் என்று தோன்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூடப் போகாமல் பஸ் ஏறி, பெங்களூர் கலாசிப்பாளையத்தில் கடை கடையாக அலைந்து, புது சிலிண்டரும் பிஸ்டனும் வாங்கி வந்தான்.

மாட்டினான். இழுத்தான். உள்ளே ‘டக்’ என்றது. திறந்தால் பிஸ்டனைச் சுற்றியிருந்த ரிங் மூன்றாக உடைந்திருந்தது.

“ரிங்கா? உடைஞ்சே போச்சா?” என்று மேனேஜர் இந்த முறை டீயோடு பிஸ்கட்டும் வரவழைத்தார். “விட்றாதீங்க டெல்வின். கார்ப்ரேட்டரையும் ஒரு கை பாத்திருங்க.”

கார்ப்ரேட்டர் உள்ளங்கை அகலம்தான். அதன் துளைகளில் பல வருஷத்து அழுக்கு. பெட்ரோலில் ஊறவைத்தான், போகவில்லை. தின்னரில் ஊறவைத்தான், உள்ளே இருந்த ரப்பர் தகடு அப்பளம்போல் நெளிந்துகொண்டதே தவிர அழுக்குப் போகவில்லை. ஆவியில் வேகவைத்தால் இளகும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. ஃபெபா வேலைக்குப் போயிருந்தாள். இட்லிப் பானை சும்மாதான் இருந்தது.

அழுக்கு இளகிவிட்டது. பானையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி இருந்த இடத்திலேயே வைத்தான். யாருக்கும் தெரியாது என்று நினைத்தான்.

மறுநாள் மாலை அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சபையார் ‘ஐயர்’ என்று அழைக்கும் போதகர், சரோஜம்மாள் டீச்சர், இன்னும் பத்துப் பேர் வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்து இட்லி பரிமாறினார்கள். ஐயர் ஒரு வாய் வைத்தார். மென்றார். கண்ணை மூடினார். இன்னும் ஜெபிக்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

“இட்லி... நல்ல வேகமா இறங்குதும்மா” என்றார் கடைசியில்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. சரோஜம்மாள் டீச்சர் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியுமாக எழுந்தார். “வேண்டாம்! வேண்டாம்!” என்று கத்திக்கொண்டு ஐயர் தட்டோடு வாசலுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு ஃபெபா மாடிக்கு வந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். கையில் அஞ்சறைப் பெட்டி இருந்தது. கடுகும் சீரகமும் வேறு டப்பாவுக்குப் போயிருந்தன.

“ஸ்க்ரூவெல்லாம் இதுல போடுங்க. பெருசு தனி, சிறுசு தனி.”

“ஃபெபா, இது பொம்பளைங்க...”

“ஒங்க மேனேஜருக்கு எம்புட்டு நாளானாலும் பரவாயில்லயா இருக்கும். எனக்கு இட்லிப் பான வேணும். போடுங்க.”

போட்டான்.

ஃபெபா பிஸ்டனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “தலையில அம்புக்குறி போட்ருக்கே, எதுக்கு?”

“அது கம்பெனிக்காரன் அழகுக்குப் போட்டது.”

“எஞ்சினுக்குள்ள யாரு பாக்கப் போறான்னு அழகுக்குப் போடுதான்? எங்க தையல் மெஷின்ல அம்பு இருந்தா, அந்தப் பக்கமா மாட்டுன்னு அர்த்தம்.”

அவளே கலாசிப்பாளையம் கடைக்குப் போன் போட்டாள். கார்மெண்ட்ஸில் பழகிய கன்னடத்தில் ஐந்து நிமிஷம் பேசினாள். போனை வைத்தாள்.

“புகை வெளிய போற பக்கம் பாத்து அம்பு இருக்கணுமாம். நீங்க திருப்பி மாட்டியிருக்கீய. அதான் ரிங் ஒடஞ்சிருக்கு. புது ரிங்கு, கம்பி வளையம், ரப்பர் தகடு மூணையும் நாளைக்கு பஸ்ல குடுத்து விடுதாராம்.”

டெல்வின் பிஸ்டனை வாங்கி அம்புக்குறியைத் தேய்த்துப் பார்த்தான். பிறகு, “எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு” என்றான்.

சாமான்கள் வந்தன. வளையத்தை மாட்டும்போது ஃபெபா எஞ்சின் மேல் தன் பழைய துப்பட்டா ஒன்றைப் போர்த்தி, அதற்குள் கையை விட்டு மாட்டச் சொன்னாள். ‘டிங்’ என்று துள்ளியது. துப்பட்டாவுக்குள்ளேயே விழுந்தது. எடுத்து மறுபடி மாட்டினான். பெட்ரோலில் அளந்து ஆயில் கலந்தாள். பிளேடும் செயினும் மாட்டாமல், வெறும் எஞ்சினை மட்டும் தரையில் வைத்தார்கள். டெல்வின் கயிற்றை இழுத்தான்.

ஓசூர் முழுக்கக் கேட்டிருக்கும்.

மெஷின் அலறியது. டெல்வினும் அலறினான், சந்தோஷத்தில். ஆனால் மெஷின் நிற்கவில்லை. நிறுத்துகிற ஸ்விட்சைத் தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான். அந்த ஸ்விட்சின் ஒயரை மாட்டவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஆக்ஸிலேட்டரும் முழுசாகப் பிடித்துக்கொண்டது. எஞ்சின் நண்டுபோலப் பக்கவாட்டில் துள்ளித் துள்ளி மாடியைச் சுற்ற ஆரம்பித்தது. கொடியில் காய்ந்த கெம்பம்மாவின் புடவை ஒன்றைக் கீழே இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறிப் போயிற்று. டெல்வின் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிக்கொண்டான்.

“ஏனப்பா! பூகம்பமா?” என்று கெம்பம்மா தெருவில் நின்று கத்தினாள்.

ஃபெபா வாளியிலிருந்து நனைந்த தரைத்துணியை எடுத்தாள். நண்டு தன்னைத் தாண்டும் சமயம் பார்த்து, அது காற்று இழுக்கிற இடத்தில் துணியை வைத்து அழுத்தினாள். மெஷின் ஒரு விக்கல் விக்கி அடங்கியது.

அமைதி. டெல்வின் தொட்டி மேலிருந்து மெல்லக் கேட்டான்: “ஓடுச்சுல்லா?”

“ஓடுச்சு” என்றாள் ஃபெபா. அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒயரை மாட்டினார்கள். ஆக்ஸிலேட்டரைச் சரிசெய்தார்கள். பிளேடு, செயின் எல்லாம் போட்டு, துடைத்து, கடைசியில் டெல்வின் சட்டைப் பையிலிருந்து ஒரு ‘ஓகே’ ஸ்டிக்கர் எடுத்து ஒட்டினான். பதினோரு வருஷத்தில் மனசார ஒட்டிய முதல் ஸ்டிக்கர்.

மேனேஜருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மெஷினைச் சாக்கில் கட்டிக்கொண்டு, ஃபெபாவுடன் தளி பஸ் ஏறினான்.

தோட்டம் குளுகுளுவென்று இருந்தது. நடுவில் பெரிய பெரிய பலா மரங்கள் ஒன்பது நின்றன. அவற்றின் நிழலில் கயிற்றுக் கட்டில் போட்டு, முகத்தில் பேப்பரை விரித்து ரத்தினவேல் சார் தூங்கிக்கொண்டிருந்தார். தோட்டத்து ஆள் திம்மப்பன் பக்கத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி, சாரின் மனைவி ராஜலட்சுமி அம்மாள் கையில் டேப்போடு எதையோ அளந்துகொண்டிருந்தார்.

“சார்!” என்றான் டெல்வின். “மெஷின் ரெடி சார்!”

ரத்தினவேல் சார் பேப்பரை விலக்கினார். “என்ன... ரெடின்னா? ஓடுதா?”

டெல்வின் மெஷினைத் தரையில் வைத்தான், ஒரே இழுப்பு. தளி மலையே அதிர்ந்தது. பலா மரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. ஸ்விட்சைத் தட்டினான், நின்றது.

ராஜலட்சுமி அம்மாள் டேப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். “நீங்கதான் டெல்வினா? கம்பெனியிலேயே பெஸ்ட் ஆளுகிட்ட குடுத்திருக்கேன், கொஞ்சம் பொறுன்னு நாலு மாசமா சொல்லிட்டிருந்தாரு. இந்த மரத்தையெல்லாம் எடுத்துட்டு, எங்க அம்மாவுக்கும் ரெண்டு தம்பிங்களுக்கும் இங்கயே வீடு கட்டணும். வெளி ஆள வெச்சு அறுக்கலாம்னா, நம்ம மெஷின் வரட்டும்னு இவர் விடவே மாட்டேன்னுட்டாரு. என்னங்க, நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்ல?”

ரத்தினவேல் சார் எழுந்து வந்தார். மெஷினைத் தொட்டுப் பார்த்தார். ‘ஓகே’ ஸ்டிக்கரைப் பார்த்தார். டெல்வினின் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், வார்த்தை வரவில்லை. கண் கலங்கியிருந்தது. அப்படியே திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, அண்ணாந்து மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெல்வின் ஃபெபாவின் பக்கம் சாய்ந்தான். “பாத்தியா?” என்று ஃபெபாவிடம் கிசுகிசுத்தான். “மனுசன் பேச முடியாம ஒடஞ்சு போய்ட்டாரு. லிஸ்ட்ல என் பேருதான் மொதல்ல.”

ராஜலட்சுமி அம்மாள் தன் தம்பிகளுக்குப் போன் போடத் தோட்டத்து வீட்டுக்குள் ஓடினார். களையைக் கீழே போட்டுவிட்டு திம்மப்பன் மெல்ல டெல்வின் பக்கத்தில் வந்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

“என்னா சார் இப்டி பண்ணிட்டீங்க? ‘வெளிய குடுத்தா ஒரே நாள்ல ஓட வெச்சுருவாங்க திம்மப்பா, இது ஜென்மத்துக்கும் ஓடவே கூடாதுன்னா அதுக்கு டெல்வின வுட்டா வேற ஆளே கெடையாது’ன்னு, ஐயா உங்கள எவ்ளோ நம்பினு இருந்தாரு!”