மூடியோடு பார்த்த கார்த்திகை

பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரியும் பஜ்ஜியும் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் காட்டக் கூடாது. இந்த ஞானம் எனக்கு ஒன்பதாவது தடவையில்தான் வந்தது. முதல் எட்டுத் தடவையும் புடவை கட்டி, தட்டேந்தி, "ஃபோன் பண்ணிச் சொல்றோம்" கேட்டு அலுத்துப்போயிருந்தேன். (அவர்கள் பண்ணுவதில்லை. நாங்களும் எதிர்பார்ப்பதில்லை.)

அப்போது ஜமுனாமரத்தூரில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. அறிவியல். நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வீடு திரும்பினால், பேச ஒரு சொல் மிச்சம் இருக்காது. என்னை எதுவும் கேட்காத ஒரே ஜீவன், வீட்டுப் பின்பக்கம் நிற்கும் தொலைநோக்கிதான். வெறும் கண்ணுக்குப் புகை மாதிரி தெரிகிற இடத்தில் குழாயைத் திருப்பினால், நட்சத்திரம் நட்சத்திரமாகப் பிரிந்து கொட்டும். எத்தனை தடவை பார்த்தாலும் "அட!" என்றுதான் வாயில் வரும். உடம்பு வலிகூட அந்த நேரம் மறந்துபோகும். அதிலும் கார்த்திகை! ஊரார் ஆறு என்று எண்ணுகிற இடத்தில் எண்ணி மாளாது. என் ஜென்ம நட்சத்திரமும் அதுதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

ஒன்பதாவது வரன் போளூர். மருந்துக்கடை வைத்திருந்தார். ஃபோனில் "உங்களுக்கு இன்னா புடிக்கும்?" என்று கேட்டார்; பதிலையும் முழுதாகக் கேட்டார். (முதல் எட்டுப் பேரில் யாரும் செய்யாத காரியம்.) இது எப்படியாவது அமைந்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. வீட்டில் சொல்லவில்லை.

தை மாதம். வேனில் மாப்பிள்ளையோடு சேர்த்துப் பதினொரு பேர். மலை வளைவுகளில் பாதிப் பேர் வாந்தியெடுத்து, வந்து சேரும்போது இருட்டிவிட்டது. காபி குடித்துத் தெளிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு இன்னா நட்சத்திரம்?" என்றார். ஜாதகம் அவர் மடியிலேயே இருந்தது. "கார்த்திகைங்க" என்று நான் நிறுத்தியிருக்கலாம்.

"பாக்கறீங்களா? பின்னாடி வந்தா காட்றேன்."

என் அம்மா முறைத்த முறைப்பை நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

பின்பக்க விளக்கை அணைத்தேன். பெரிய குழாயின் மேல் குறிபார்க்க ஒரு சின்னக் குழாய் உண்டு. அதில் கார்த்திகையைப் பிடித்து நிறுத்தினேன். அடுத்துப் பெரிய குழாயிலும் நான் ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா வந்து கண்ணை வைத்துவிட்டார்.

"தெரியுதாங்க?"

"நல்லா தெர்தும்மா. ஆறு பேரும் பளிச்சினு கீறாங்க."

அடுத்து மாப்பிள்ளையின் பெரியப்பா. "ஆறாவது மட்டும் கொஞ்சம் சின்னதா கீது" என்றார். ஓர் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். இப்படிப் பத்துப் பேர் பார்த்துப் புகழ்ந்தார்கள். நான் பூரித்துப்போய் நின்றேன்.

கடைசியாக மாப்பிள்ளை. குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரிலீங்க. ஒரே இருட்டா கீது."

அவர் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "எல்லாருக்கும் தெரிஞ்சிது. பொண்ணோட நட்சத்திரம் உன் கண்ணுக்கு மட்டும் தெரிலன்னா இன்னாடா அர்த்தம்?" பெரியப்பா செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

பதறிப்போய்க் குழாயின் வாயைத் தடவினேன். மூடி! பனி படக்கூடாதென்று சாயங்காலம் நானே போட்ட மூடி.

சொல்லாவிட்டால் சகுனம் சரியில்லை என்று சம்பந்தம் முறிந்துவிடும். சொன்னால் பத்துப் பேரின் மானம் போய்விடும். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. பட்டப்பகலில் கல்யாண மேடையில் அருந்ததி தெரிகிறது என்று தலையாட்டிப் பழகியவர்கள் நாம். மூடியைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு "இப்பப் பாருங்க" என்றிருக்கலாம். அந்த அறிவு மறுநாள் பஸ்ஸில்தான் வந்தது. அந்த நிமிஷம் வந்தது இதுதான்:

"ஐயையோ, நான் மூடியே எடுக்கலைங்க!"

போதாததற்கு அதைக் கழற்றித் தூக்கி வேறு காட்டினேன்.

மற்றவர்களும் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். பெரியப்பா மட்டும், "அதான் கொஞ்சம் மங்கலா இருந்துது" என்றார். ஐந்து நிமிஷத்தில் வேன் கிளம்பிவிட்டது.

மூன்று வாரம் ஃபோன் இல்லை. பெண் வேண்டுமென்றே சோதித்துப் பார்த்துவிட்டாள் என்று அங்கே பேச்சாம், தரகர் சொன்னார். எட்டுத் தடவை அழாதவள், ஒன்பதாவதற்கு அழுதேன். களைப்பு பாதி, ஆசை பாதி. பிறகுதான் தெரிந்தது, மாப்பிள்ளை தன் வீட்டில் ஒரே பேச்சாக நின்றிருக்கிறார்: "அன்னிக்கு அங்க நிஜம் பேசனது ரெண்டே பேரு. அந்த ரெண்டு பேருக்கும் கட்டி வெச்சிடுங்க."

கட்டிவைத்தார்கள். தொலைநோக்கி இப்போதும் அம்மா வீட்டுப் பின்பக்கம்தான் நிற்கிறது. தை பிறந்தால் மாமியாரையும் கூட்டிக்கொண்டு மலைக்கு வருவோம். நான் மூடியைக் கழற்றி, நானே ஒரு தடவை பார்த்து, இவரையும் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் மாமியாரைக் கூப்பிடுவேன். கண் கொள்ளாமல் நட்சத்திரம் கொட்டிக்கிடக்கும். மாமியார் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து உதட்டைப் பிதுக்குவார். மொத்தக் குடும்பமும் அதற்காகவே காத்துக்கொண்டிருக்கும்.

"இன்னா இருந்தாலும், அன்னிக்கித் தெரிஞ்ச மாதிரி இல்லம்மா."