உடம்பு பொய் சொல்லாது

"மேஜைக்குக் கீழே பாத்தீங்களா சார்?"

"மேஜையையே நகத்திப் பாத்துட்டேன்பா. காணோம்னா காணோம்."

தலைமையாசிரியர் ராஜேந்திரன் நாற்காலியில் ஏறி நின்று, பீரோவின் மேல்பக்கத்தை இன்னொரு முறை தடவினார். தூசியில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. நேற்று சாயங்காலம் வரை அந்த வட்டத்தில் ஒரு பெரிய டப்பா நிறைய மலைத்தேன் உட்கார்ந்திருந்தது. தேன் எடுக்கும் மாதையனிடம் மாதக்கணக்கில் சொல்லிவைத்து வாங்கிய தேன். இன்று ஆய்வுக்கு வரும் அதிகாரியின் காரில் அதை ஏற்றிவிட்டு, கார் கிளம்பும் நேரத்தில் தன் மாறுதல் விஷயத்தையும் மெல்ல அவர் காதில் போட்டுவைப்பது ராஜேந்திரனின் திட்டம். ஜவ்வாது மலைக் குளிர் அவர் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கலசப்பாக்கம் பக்கம் இறங்கிவிட்டால் போதும் என்று இருந்தார்.

"போலீஸ்ல சொல்லிடலாமா?" என்றான் கோகுல்ராஜ்.

"இன்னான்னு சொல்றது? அதிகாரிக்குக் குடுக்க வச்சிருந்த தேன் காணோம்னா? மொதல்ல என்னத்தான் உள்ள வைப்பான். தேன்ங்கிற வார்த்தையே வெளிய வரக் கூடாது. ஒரு பொருள் காணோம், அவ்ளோதான். நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் இங்க இருந்தவங்கள வரிசையா நிக்க வச்சு, கற்பூரத்த ஏத்தி அணைக்கச் சொல்றேன். எடுத்தவன் கை தானா நடுங்கும்."

"பிலோமினாக்கா கற்பூரம் அணைக்க மாட்டாங்க சார். மாதா கோயில்லதான் சத்தியம் பண்ணுவாங்க. அதுக்கு மலை இறங்கிப் போய்ட்டு வரணும்."

ராஜேந்திரன் நாற்காலியிலிருந்து இறங்கினார். முழங்கால் சத்தம் போட்டது.

"சார், அறிவியல்ல ஒரு வழி இருக்கு," என்றான் கோகுல்ராஜ்.

அவன் குரலில் ஒரு துள்ளல். இந்தத் துள்ளலைக் கேட்டால் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். கோகுல்ராஜ் அந்த உறைவிடப் பள்ளியின் தற்காலிக ஆசிரியன். படித்தது வேதியியல். மலைமேல் விலங்கியலுக்கு ஆள் கிடைக்காததால் அதுவும் அவன் தலையில் விழுந்தது. விழுந்ததைச் சுமையாக நினைக்கும் ஆள் இல்லை அவன். போன வாரம்தான் நரம்பு மண்டலம் பாடத்தைப் பிரித்தான். பிரித்ததிலிருந்து அவனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. தன் உடம்புக்குள் தனக்குத் தெரியாமல் இவ்வளவு நடக்கிறதா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பரிவு நரம்பு மண்டலம்னு ஒண்ணு இருக்கு சார். ஆபத்துன்னு மூளைக்குப் பட்டாப் போதும். நாம யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள முதுகுத்தண்டுலேர்ந்து உடம்பு பூரா சேதி போயிடும். கண்ணுல பாப்பா விரியும். வாய் காயும். ஈரல் சக்கரையை ரத்தத்துல கொட்டும். நெஞ்சு தடதடன்னு ஓடும். ஓடுறதுக்கோ சண்டை போடுறதுக்கோ உடம்பு தயாராயிடும். வயிறு மட்டும் செரிக்கிற வேலையை நிறுத்திடும்."

"அதான் காலையில தின்ன இட்லி அப்படியே நிக்குதா?"

"அதேதான் சார்! கரடி துரத்தினாலும் இதுதான் நடக்கும், மாட்டிக்கப் போறோம்னு பயந்தாலும் இதுதான் நடக்கும். இதை நாம நெனச்சாலும் நிறுத்த முடியாது. நாக்கு பொய் சொல்லும் சார். உடம்பு பொய் சொல்லாது. நாடியைப் புடிச்சுக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா ஆள் யாருன்னு தெரிஞ்சுடும்."

ராஜேந்திரனுக்குப் பாதி புரிந்தது. மீதிக்கு நேரமில்லை. "மேடம் வர்றதுக்குள்ள முடி," என்றார்.

"மொதல்ல உங்க கையைக் குடுங்க சார், சும்மா சோதனைக்கு."

கோகுல்ராஜ் தலைமையாசிரியரின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கட்டைவிரலை அழுத்திப் பதித்தான். இருக்கிற விரல்களில் பெரியது அதுதான், துடிப்பு நன்றாக அகப்படும் என்பது அவன் கணக்கு. அகப்பட்டது. கடிகாரத்தைப் பார்த்தான். நெற்றி சுருங்கியது.

"கொஞ்சம் வேகமாத்தான் ஓடுது சார்."

"எனக்கா? நான் இன்னாப்பா திருடினேன்?"

"மேலதிகாரி வர்றாங்களேங்கிற பயமா இருக்கும் சார்," என்று சமாதானம் சொல்லிவிட்டு, ஆய்வுக்கூடத்துக்குப் போனான்.

முதலில் காவலாளி ராஜாக்கண்ணு வந்தார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். கையை நீட்டிவிட்டு ஜன்னல் வழியாகப் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ண்ணா, ஆபீஸ் ரூம்லேர்ந்து எதுனா பொருளத் திருடுனீங்களா?"

"இல்ல சார்."

நாடி ஒரே சீராக நடந்தது. நல்ல மனிதர் என்று கோகுல்ராஜ் நினைத்துக்கொண்டான்.

"சார், சொல்ல மறந்துட்டேன்," என்றார் ராஜாக்கண்ணு. "நேத்து நைட்டு கரடி வந்துச்சு. உங்க ரூமு ஜன்னலாண்ட நின்னு மோந்து பாத்துட்டுப் போச்சு. நீங்க கதவச் சாத்தாமலே தூங்கிட்டுக் கீறீங்கோ."

விரலடியில் நாடி எகிறிக் குதித்தது. கோகுல்ராஜ் அசந்துபோனான். ராஜாக்கண்ணுவின் முகத்தில் ஒரு சலனம் இல்லை. கொட்டாவிகூட விட்டார். உள்ளே இப்படி ஒரு கொந்தளிப்பு! கரடியின் பெயரைச் சொன்னதற்கே மனிதருக்கு இவ்வளவு பயம், வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கிறாரே!

"பயப்படாதீங்கண்ணா," என்றான், காய்ந்துபோன உதட்டை நனைத்துக்கொண்டு.

"நான் எதுக்கு சார் பயப்படறேன்?"

"அப்படித்தான் சொல்லுவீங்க. உடம்பு வேற சொல்லுது."

சோதனை வேலை செய்கிறது என்று அவனுக்கு நூறு சதவீதம் உறுதியாயிற்று.

சமையல்காரி பிலோமினாள் முறத்தில் வெங்காயத்தோடு வந்தாள். "சீக்கிரம் புடி சார், கொழம்பு அடிப் புடிச்சுக்கும்," என்று கையை நீட்டினாள். திருடவில்லை என்றாள். நாடி ராஜாக்கண்ணுவுக்கு ஓடிய அதே சீரில் ஓடியது. ஒரு துடிப்புகூடக் கூடுதல் குறைச்சல் இல்லை. மலைக்காற்று எல்லோருக்கும் ஒரே நாடியைக் கொடுத்திருக்கிறது, இதை யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று கோகுல்ராஜ் ஆச்சரியப்பட்டான். பிலோமினாள் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். இந்த வேடிக்கையை விட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. குழம்பு பாட்டுக்குக் கொதித்தது.

கடைசியாகக் கல்பனா வந்தாள்.

கல்பனா கணக்கு டீச்சர். அமிர்தியிலிருந்து வந்தவள், பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். அவளைப் பற்றிக் கோகுல்ராஜுக்கு ஒரு எண்ணமும் கிடையாது. இன்றைக்கு என்ன நிறத்தில் சேலை கட்டி வருவாள் என்று பல் துலக்கும்போது யோசிப்பான். அவள் வகுப்பு முடிகிற மணிக்கு இவனும் வராந்தாவில் இருப்பான். அவள் சிரித்தால் அன்றைக்கு இரண்டு பாடம் சேர்த்து நடத்துவான். மற்றபடி ஒன்றும் இல்லை.

"எந்தக் கை சார்?"

"எ... எதுவானாலும்."

வலது கையை நீட்டினாள். கோகுல்ராஜ் விரலைப் பதித்தான். பதித்தவன் திடுக்கிட்டான். இன்னும் கேள்வியே கேட்கவில்லை, நாடி நாலு கால் பாய்ச்சலில் ஓடிக்கொண்டிருந்தது.

"டீச்சர், ஆபீஸ் ரூம்லேர்ந்து..."

"எதுவும் எடுக்கல சார்."

இன்னும் வேகம் கூடியது. அவள் அவனை நேராகப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கள்ளம் துளியும் இல்லை. ஆனால் நாடி?

"மாடிப்படி ஏறி வந்தீங்களா டீச்சர்?"

"இந்தப் பள்ளிக்கூடத்துல மாடி ஏது சார்?"

தண்ணீர் குடிக்கச் சொன்னான். குடித்தாள். நாடி அடங்கவில்லை. இடது கையைக் கேட்டான். அது வலது கையைவிட மோசம். வெளியே சத்தம் அதிகம், கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்காருங்கள் என்றான். உட்கார்ந்தாள். மல்லிகை வாசனை வந்தது. அதற்குப் பிறகு எண்ணவே முடியவில்லை, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைவெளி இல்லாமல் படபடத்தது.

"எங்க கையெல்லாம் லபக்குனு புடிச்சு லபக்குனு வுட்டுட்டீங்கோ?" என்றாள் வாசலிலிருந்து பிலோமினாள்.

"நான் பாஸா, ஃபெயிலா சார்?" என்று சிரித்தாள் கல்பனா.

"பாஸ் டீச்சர்," என்றான் கோகுல்ராஜ். அவனுக்கு அழுகை வந்தது. அவள்தான் எடுத்திருக்கிறாள். ஏன் எடுத்தாள், வீட்டில் என்ன கஷ்டமோ! அவள் போனபின்பும் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் நல்லவங்க சார்," என்று ராஜேந்திரனிடம் வந்து சொன்னான்.

"அப்ப தேனு பறந்து போச்சா? நேத்து கடைசியா ஆபீஸ் சாவி கல்பனா டீச்சர்கிட்டதான் இருந்துது. எனக்கு அந்தப் பொண்ணு மேலதான் சந்தேகம். மேடம் வரட்டும், அவங்க முன்னாடியே கேக்குறேன்."

"வேணாம் சார்!"

"ஏன்?"

கோகுல்ராஜ் ஒரு விநாடி கண்ணை மூடினான். தற்காலிக வேலை போய்விடும். போகட்டும். கலசப்பாக்கத்தில் அப்பாவின் நெல் வயல் இருக்கிறது. "நான்தான் சார் எடுத்தேன்."

ராஜேந்திரன் வாயைப் பிளந்தார். "நீயா? எங்க வச்சிருக்க? எடுத்துட்டு வா!"

இதை அவன் யோசிக்கவில்லை. "சாப்ட்டுட்டேன் சார்."

"அத்தினி தேனையுமா?"

"பசி சார்."

"ஒரே ராத்திரியிலயா? டப்பா?"

கோகுல்ராஜ் தரையைப் பார்த்தான். டப்பாவையும் சாப்பிட்டதாகச் சொல்ல அவன் அறிவியல் மனம் இடம் கொடுக்கவில்லை.

"யாரு, எதைச் சாப்பிட்டது?"

வாசலில் ஆய்வு அதிகாரி ரெபேக்கா நின்றார். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கார் சத்தம் கேட்டு வந்த கல்பனாவும் பிலோமினாளும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். எல்லோரையும் விலக்கிக்கொண்டு ராஜாக்கண்ணு உள்ளே வந்தார். அவர் தோளில் தேன் டப்பா இருந்தது.

"சார், நேத்து சொன்னீங்களே, மேடம் கார்ல இத்த எங்க வைக்கணும்? முன்னாடியா, டிக்கிலயா?"

ராஜேந்திரனின் கண்பாப்பா விரிந்தது. "இது... உங்கிட்ட எப்படிய்யா?"

"நேத்து டீச்சர் பூட்டறதுக்கு முன்னாடியே பீரோ மேல எறும்பு வந்துச்சு சார். நாந்தான் கொண்டும்போய் சமையக்கட்டுல தண்ணித் தட்டுல வச்சேன்."

"காலையிலேர்ந்து தேடிட்டுக் கெடக்கோம், சொல்ல மாட்டியா?"

"தேனக் காணோம்னு யாரு சார் சொன்னீங்கோ? ஏதோ பொருளத் திருடினியான்னு கேட்டீங்கோ. நான் திருடலயே!"

"தேன் யாருக்கு?" என்றார் ரெபேக்கா.

"பிள்ளைங்களுக்கு மேடம்," என்றார் ராஜேந்திரன், ஈனமான குரலில். "சத்துக்கு."

"ரொம்ப நல்லது. மத்தியானமே எல்லாருக்கும் குடுத்துடுங்க, நானும் பாத்துட்டுப் போறேன்." அவர் கோகுல்ராஜ் பக்கம் திரும்பினார். "டப்பா நிறையத்தானே இருக்கு? அப்போ நீங்க எதைச் சாப்பிட்டீங்க தம்பி?"

"நான் எதையும் சாப்பிடல மேடம்."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க?"

கோகுல்ராஜ் கல்பனாவைப் பார்த்தான். "டீச்சர் மாட்டிக்கக் கூடாதுன்னு..."

"நானா?" கல்பனா முன்னால் வந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. "நான் திருடினேன்னு நெனச்சீங்களா?"

"நான் நெனைக்கல டீச்சர். உங்க நாடிதான்... அப்படி ஓடுச்சு."

"என் நாடி ஏன் ஓடணும்? நான் நிம்மதியா உக்காந்துட்டு இருந்தேன். பாஸ்னு வாயால சொல்லிட்டு, மனசுக்குள்ள என்னைத் திருடின்னு வச்சிருந்திருக்கீங்க. இனிமே என்கிட்ட ஒரு வார்த்தை பேசாதீங்க சார்."

வேலை போயிருந்தால்கூட அவனுக்கு இப்படி வலித்திருக்காது. கையைப் பிசைந்தான். ஆனாலும் உள்ளே ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது, அவனால் அதை விட முடியவில்லை. திருட்டே நடக்கவில்லை. அவளுக்குப் பயமும் இல்லை. பிறகு அந்த நாடி எதைக் கண்டு அப்படி ஓடியது?

"ஒண்ணுமே புரியல மேடம்," என்று எல்லாவற்றையும் அதிகாரியிடம் கொட்டினான். கரடி கதை, ஒரே சீரில் ஓடிய நாடிகள், டீச்சரின் இரண்டு கைகள், ஒன்றையும் விடவில்லை.

ரெபேக்கா அதிகாரி ஆவதற்கு முன்னால் பல வருஷம் விலங்கியல் ஆசிரியையாக இருந்தவர். சுவாரசியமாகக் கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் கையை நீட்டினார். "எப்படிப் பாத்தீங்க? என் கையில காட்டுங்க."

கோகுல்ராஜ் பயந்துகொண்டே விரலைப் பதித்தான். "உங்களுக்கும் தடதடன்னுதான் ஓடுது மேடம்."

ரெபேக்கா தன் மணிக்கட்டின்மேல் இருந்த அந்த விரலைப் பார்த்தார். அதற்குள் வாசலைத் தாண்டப்போன கல்பனாவைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. கட்டைவிரலுக்குள்ளயே ஒரு நாடி இருக்கு, அதை வச்சுப் பாத்தா நம்ம துடிப்புதான் நமக்குத் தெரியும். இவரு உங்க கையைப் புடிச்சுக்கிட்டு எண்ணினது பூரா இவரோட நெஞ்சைத்தான்."