தொப்பிக்காரர் நிரபராதி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீங்களும், உங்கள் முழங்கால் வலியும், மூன்று வாரமாக உங்கள் வீட்டில் விருந்தாளியாக இருக்கும் என் மனைவியும் நலம் என்று நம்புகிறேன்.

நடந்ததை அவள் தன் பக்கமாகத்தான் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேளுங்கள். இருபத்தாறு வருடமாக ஞாயிறு மதியம் திரைச்சீலையை இழுத்துவிட்டு நாங்கள் இருவரும் பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப்படம் பார்ப்பது வழக்கம். மழை, புகை, பாதி முகத்தில் மட்டும் வெளிச்சம், அந்த மாதிரிப் படங்கள். அவற்றில் தொப்பிக்காரர் என்று நாங்கள் பெயர் வைத்த நடிகர் ஒருவர் உண்டு. முதல் படத்தில் லிஃப்ட் கதவைத் திறந்துவிட்டார். அப்புறம் ஆறு படத்தில் டாக்சி ஓட்டினார், ஒன்பது படத்தில் இடைவேளைக்கு முன்பே சுடப்பட்டார். போஸ்டரில் பெயர் வரவே நாற்பது வயதாயிற்று, அதுவும் அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே. முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான், அந்த எழுத்து எவ்வளவு பொடி என்று எனக்குத் தெரியும். கதாநாயகியை ஒரு படத்திலும் அவர் கைப்பிடித்ததில்லை. அவள் வேறொருவனோடு ரயிலேறுவதைத் தூணோரம் நின்று பார்ப்பார், தொப்பியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொள்வார். அந்த இடத்தை மட்டும் நான் இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பேன்.

உங்கள் தங்கைக்கு ஒரு கெட்ட பழக்கம். பத்தாவது நிமிடத்தில் கொலையாளி யாரென்று சொல்லிவிடுவாள், அதுவும் ஏதோ ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே. அவளுக்கு ஒரு கணக்கு உண்டு: யார் காபியைக் குடிக்காமல் கீழே வைக்கிறானோ அவன்தான். மனசில் குற்றம் இருப்பவனுக்குத் தொண்டையில் இறங்காதாம். அவள் கிளம்பிய ஞாயிறன்று, நாங்கள் அதுவரை பார்க்காத ஒரு படத்தில், தொப்பிக்காரர் காபியைக் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தார். அவள் ஊசியை நிறுத்தினாள்.

"இவர்தாங்க கொன்னது," என்றாள்.

முப்பத்தோரு படத்தில் ஒரு ஈயைக்கூடக் கொல்லாத மனுஷன், மச்சான். எனக்கு வந்ததே கோபம். "உனக்கு என்ன தெரியும், வாயை மூடிட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டேன். அவள் வாயை மூடினாள். அப்புறம் துணிகளை எடுத்து வைத்துப் பெட்டியையும் மூடினாள். படம் பாதியில் நிற்க, உங்கள் ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அவள் இல்லாமல் இங்கே ஒன்றும் குடி முழுகிவிடவில்லை என்று தெரிவிக்கவே இக்கடிதம். தனியாள் எப்படி இருக்க வேண்டும் என்று தொப்பிக்காரரிடம் பாடம் படித்தவனல்லவா நான்? மழைக்கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டு, தொப்பி போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது, ஒரு நாய் என்னை அடுத்த தெரு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தது, கோட்டில் இரண்டு பொத்தான் இல்லை என்பதே ஓடும்போதுதான் தெரிந்தது. போன ஞாயிறு தனியாகப் பார்க்கப் பிடிக்காமல் வேறொரு படத்தைப் போட்டு, கீழ்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பெயர்கள் ஓடி முடிவதற்குள் மனுஷன் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார், எழுந்ததும் டிவியில் ஏன் கலர் வரவில்லை, ரிப்பேரா என்று விசாரித்தார். பத்தாவது நிமிடம் வந்து போயிற்று, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அவளுடைய ஊசி நூல் டப்பா மட்டும் இருந்தது. எனக்கு அவள் குரல் வேண்டியிருந்தது மச்சான், உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்.

ஆனாலும் தொப்பிக்காரர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பாதியில் நின்ற அந்தப் படத்தின் டிஸ்க்கை இன்றுவரை தொடவில்லை, முடிவைப் பார்க்கவேண்டிய அவசியமும் எனக்கில்லை. அவர் நிரபராதி. அதை ஒப்புக்கொண்டு அவள் திரும்பி வருவதானால் வரட்டும். நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள். முழங்காலைத் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: படத்தை முழுசாகப் பார்த்துவிட்டேன். அவள் போன மறுநாளே. இதுவரை நாலு தடவை. அவர்தான் கொன்றார், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அவர் அப்படி நடித்ததே இல்லை மச்சான், பார்த்தீங்களா என்று கேட்கப் பக்கத்தில் ஆள்தான் இல்லை. அவளிடம் சொல்லிவிடுங்கள், சொல்லிக்காட்டுவதற்காவது வரட்டும். இதை எழுதும்போது மேஜைமேல் என் காபி ஆறிக் கிடக்கிறது. மூன்று வாரமாகத் தினமும் இப்படித்தான், குடிக்காமல் கீழே வைத்துவிடுகிறேன். இதையும் அவளிடம் சொல்லுங்கள். மீதி அவளுக்கே தெரியும்.