அரை மாத்திரைச் சம்மதம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். அங்கே நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதத்தை நலம் என்றுதான் தொடங்க வேண்டும் என்று முப்பத்தைந்து வருடம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன் நான்; ஆகவே தொடங்கிவிட்டேன். இனி உள்ளதைச் சொல்கிறேன். உன் அக்கா வருகிற ஒன்றாம் தேதி என்னை விட்டுவிட்டு ஒரு வருடத்துக்கு வேறு ஊர் போகிறாள். அதற்குச் சம்மதம் கொடுத்தவன் நான்தானாம். எப்போது கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் பேசும்போது நீ பிள்ளைக்கு ஷூ மாட்டிக்கொண்டிருப்பாய், நான் பருப்பு டப்பாவைத் தேடிக்கொண்டிருப்பேன். இரண்டு பேரும் பேசி முடித்திருப்போம், ஒருவரும் கேட்டிருக்க மாட்டோம். கடிதம் அப்படி இல்லை. எழுதும் கை வேறு வேலை பார்க்க முடியாது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் என்றால் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான் என்று நீ நினைத்தால் அது தப்பு, மாப்பிள்ளை. பள்ளிக்கூடத்திலாவது மணி அடித்தால் ஒரு பாடம் முடியும். இப்போது எனக்கு மணி அடிக்க ஆளில்லை. குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் நான். ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்துபவன் நான். போனில் பத்தொன்பது குழுக்களில் இருக்கிறேன். அதில் யார் 'வாழ்த்துகள்' என்பதில் ஒற்றுப் போட்டு எழுதினாலும் உடனே போய்த் திருத்தாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பல் தேய்க்கும்போது செய்தி கேட்பேன். செய்தி கேட்கும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். ஓர் உதாரணம் சொல்கிறேன். போன மாதம் ஒரு நாள் பிரஷ்ஷைப் பேனா வைக்கும் டப்பாவிலும், சிவப்புப் பேனாவைப் பிரஷ் வைக்கும் டம்ளரிலும் போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் கண்ணாடியில் என் பல்லைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. டாக்டர் இரத்த அழுத்தத்துக்குக் காலையில் அரை மாத்திரை எழுதிக் கொடுத்து, "கொஞ்சம் நிதானமா இருங்க சார்" என்றார். அவர் சொல்லும்போது நான் அவருடைய மருந்துச் சீட்டில் ஓர் எழுத்துப்பிழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் தெரியவந்த விதத்தைக் கேள். போன வாரத்துக்கு முந்தின வாரம் படிக்கட்டில் மேல்வீட்டு அம்மா என்னை நிறுத்தி, "ஒரு வருஷம்னா சும்மாவா? எப்படி சார் சமாளிக்கப் போறீங்க?" என்று கேட்டார். தண்ணீர்த் தொட்டி விவகாரத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, "நாலு வருஷமா ஒத்த ஆளாத்தானே சமாளிக்கிறேன், எனக்கென்ன புதுசா?" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "பாவம் மேடம்" என்று சொல்லிக்கொண்டே ஏறிப் போய்விட்டார். வீட்டுக்குள் வந்தால் கட்டிலின் மேல் பெரிய பெட்டி திறந்து கிடக்கிறது. அதைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்ததே நான்தான். காதில் போனை வைத்துக்கொண்டு ஒரு கையால் இறக்கினேனே தவிர, எதற்கு என்று கேட்கவில்லை.

"எங்க கிளம்புற?" என்றேன்.

"ஒண்ணாம் தேதிக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. இப்பவே அடுக்க ஆரம்பிச்சாத்தான் ஆகும்."

"என்ன ஒண்ணாம் தேதி?"

உன் அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். கண் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள், எதற்கும் பதறமாட்டாள். கூட வேலை பார்த்த டாக்டரம்மா ஒரு குளிர் ஊரில் சின்னதாக ஆஸ்பத்திரி தொடங்கியிருக்கிறார்களாம். புது நர்ஸ்களைப் பழக்க ஒரு வருடம் வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்களாம். தங்க வீடும் தருகிறார்களாம். அத்தனையும் என்னிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதாம்.

"எப்பச் சொன்ன?"

"மூணு தடவை கேட்டேன். முதல் தடவை நீங்க பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க. ரெண்டாவது தடவை பிழை திருத்திட்டு இருந்தீங்க. மூணாவது தடவை சும்மாதான் உட்கார்ந்திருந்தீங்க, ஆனா போன் கையில இருந்துச்சு."

"நான் என்ன சொன்னேன்?"

"ம்-னீங்க."

"மூணு தடவையுமா?"

"மூணாவது தடவை 'ம்ம்'னீங்க. சரி, நல்லா யோசிச்சிருக்கார்னு நான் எடுத்துக்கிட்டேன்."

ஏன் மூன்று தடவை என்றால் அது அவள் தொழில் பழக்கம். ஆபரேஷனுக்கு முன்னால் எந்தக் கண் என்று நோயாளியை ஒருவர் மாற்றி ஒருவர் மூன்று முறை கேட்பார்களாம். அங்கே நோயாளி யோசித்துச் சொல்வான். அவனுக்குத் தன் கண்ணின் மேல் அக்கறை.

அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு வகுப்பு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. கண் ஒரு தடவை இமைக்கிற நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, புள்ளி வைத்த எழுத்துக்கு அரை என்று வருடா வருடம் விரலைச் சொடுக்கிச் சொடுக்கிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 'ம்' என்பது அரை மாத்திரை. பாதி இமைப்பு. உன் அக்கா முப்பத்து நான்கு வருடமாக என்னிடம் பேசுகிறாள். நான் அரை அரை மாத்திரையாகக் கொடுத்து வந்திருக்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்ததும் அரை மாத்திரை, நான் கொடுத்ததும் அரை மாத்திரை. அவர் கொடுத்தது அழுத்தத்தைக் குறைத்தது. நான் கொடுத்தது என்ன செய்ததென்று பெட்டியைப் பார்த்தால் தெரிகிறது.

சரி, இரண்டு வாரம் இருக்கிறதே, அதற்குள் நான் மாறிவிட்டால் அவளே மனம் மாறிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். மாறுவது எப்படி? எனக்குத் தெரிந்த ஒரே வழி கால அட்டவணை. நிதானமாக இருக்க ஓர் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். காலை ஏழு முதல் ஏழு இருபது வரை உரையாடல். அவள் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போனை அலமாரியில் பூட்டிவிட்டு, "சொல்லு" என்றேன்.

"என்ன சொல்றது?"

"ஏதாவது சொல்லு. நான் கேக்கறேன்."

"ஏங்க, விசாரணை மாதிரி இருக்கு. அடுப்புல பால் வெச்சிருக்கேன், போகட்டுமா?"

சாப்பாட்டை மெதுவாகச் சாப்பிட்டேன், ஒரு வாய்ச் சோற்றை முப்பது தடவை மென்று. பதினெட்டாவது தடவை மெல்லும்போது அவள் ஏதோ கேட்டாள். எண்ணிக்கை தப்பிவிடும் என்று கையைக் காட்டிக் காத்திருக்கச் சொல்லிவிட்டேன். போன் அலமாரியில் பூட்டிக் கிடந்த நேரத்தில் தொட்டி நிறைந்து வழிந்து, மோட்டாரை நிறுத்த என்னைக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் மணி மட்டும் அடித்து, மூன்று மாடிப் படிக்கட்டும் அருவியாகிவிட்டது. மேல்வீட்டு அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, "ஒத்த ஆளா சமாளிக்கிறதுன்னா இதுதானா சார்?" என்றார்.

காலை நடையையும் மெதுவாக்கினேன். மரத்தைப் பார்த்து, இலையைப் பார்த்து, ஓர் அடி, இன்னோர் அடி. தினமும் கூட நடப்பவர்கள் பயந்துபோய் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, மேல் பொத்தானைக் கழற்றி, உன் அக்காவுக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள். அவள் அழுத்தமானியோடு ஓடிவந்தாள். இரண்டு காலிலும் வெவ்வேறு செருப்பு. அளந்து பார்த்துவிட்டு, "நூத்தி இருபத்தாறு, எண்பது. நல்லாத்தானே இருக்கு, என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "மெதுவா நடக்கிறார் மேடம்" என்றார் அவர்களில் ஒருவர், புகார் கொடுப்பதுபோல. திரும்பி வரும் வழியில் இரண்டு பேரும் சேர்ந்து மெதுவாகவே நடந்தோம். "நல்லாத்தான் பழகுறீங்க. அங்க போறதுக்குள்ள சரியாயிடும்" என்றாள். 'அவள் அங்கே போவதற்குள், நான் இங்கே தனியாக இருந்து பழகிவிடுவேன்' என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறாள். கடைக்குப் போய் ஸ்வெட்டர்கூட வாங்கி வந்துவிட்டாள். ஒன்றுக்கு இரண்டு. இரண்டாவது அவளுக்குத் தொளதொளவென்று இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றால் அங்கே என்ன குளிரோ.

ஆனால் ஒன்று நடந்தது, மாப்பிள்ளை, அதை உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். முந்தாநாள் சாயங்காலம் மின்சாரம் இல்லை. அட்டவணையில் அந்த நேரத்துக்கு எதுவும் எழுதவில்லை. சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தோம். அவளாகவே பேச ஆரம்பித்தாள். விபத்தில் அடிபட்டு இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்ட ஒரு லாரி டிரைவர், மூன்று நாள் இவள் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாராம். கட்டுப் பிரித்த அன்று இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கதானா அது? நீங்க வரும்போதெல்லாம் கதவுக்கு வெளிய ஒரு வினாடி நின்னுட்டுத்தான் உள்ள வருவீங்க. ஏன்?" என்று கேட்டாராம்.

"ஏன்?" என்று நானும் கேட்டேன்.

"முந்தின ரூம்ல பார்த்த ஆளை இறக்கி வெச்சிட்டுத்தாங்க அடுத்த ஆள்கிட்ட போகணும். அவங்களுக்குக் கண்ணு தெரியாது, ஆனா நாம வேற எங்கயோ இருந்தா கண்டுபிடிச்சிடுவாங்க. இப்ப வர்ற பிள்ளைங்களுக்கு ஊசி போடத் தெரியுது, சொட்டு மருந்து விடத் தெரியுது. இதை யாரும் சொல்லித் தரல."

"இவ்வளவு நாளா இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நாலு தடவை சொல்லியிருக்கேங்க" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கண் கட்டியிருந்த ஓர் ஆள் மூன்று நாளில் தெரிந்துகொண்டதை, இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு நான் முப்பத்து நான்கு வருடத்தில் தெரிந்துகொள்ளவில்லை. அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நிதானம் என்றால் மெதுவாகச் செய்வது என்று நினைத்திருந்தேன். அது வேகத்தைப் பற்றிய விஷயமே இல்லை. பாடம் நடத்தும்போது நான் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் பிள்ளைகள் கேட்டார்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் நான் அங்கே இருந்தேன். வீட்டுக்கு வரும்போது மட்டும் என்னை எங்கேயோ வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது எனக்கு அவள் போகவேண்டாம். இதை நானே அவளிடம் சொல்லலாம்தான். எந்த முகத்தோடு சொல்வது? மூன்று முறை 'போகட்டுமா' என்று கேட்டவளிடம் மூன்று முறை 'ம்' என்றவன், அவள் பெட்டியை நிரப்பிய பிறகு எப்படி மாற்றிப் பேசுவது? அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். நீ சொன்னால் அவள் கேட்பாள். சனிக்கிழமை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. 'அத்தான் அன்னைக்குச் சொன்னது கணக்கில் வராது' என்று பக்குவமாக எடுத்துச் சொல். அழைத்தவர்களுக்கு நானே மன்னிப்புக் கடிதம் எழுதுகிறேன், பிழையில்லாமல்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், படிக்காத நேரத்தில் நன்றாக விளையாடட்டும். எல்லோருக்கும் உடல்நலமும், கூடவே கொஞ்சம் பொழுதும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்

பின்குறிப்பு: உறையில் போடும் நேரத்தில் உன் அக்கா வந்து, "யாருக்குங்க இவ்வளவு நீளமா?" என்று கேட்டாள். மறைக்க முடியவில்லை. படித்துக் காட்டினேன். காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். இரண்டும் சிரிப்பதற்காக நான் எழுதிய இடங்கள் இல்லை. முடித்ததும், "நான் மட்டும் போறேன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்றாள்.

"நீதானே கேட்ட, போகட்டுமான்னு."

"நான் 'போகட்டுமா'ன்னு கேக்கலைங்க. 'போகலாமா'ன்னு கேட்டேன். இலக்கணம் நடத்தினவருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

பெட்டியில் பாதி என் துணியாம். பத்து நாளாக நான் அவளைக் கவனித்தேன், கவனித்தேன் என்று உனக்கு மூன்று தாள் எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தை அவளிடம் கேட்கவில்லை. "சரி, இப்பக் கேக்கறேன். போகலாமா? வேண்டாம்னா சொல்லுங்க, நான் மட்டும் போயிட்டு வர்றேன். கோவிச்சுக்க மாட்டேன்" என்றாள். தலை தானாக ஆட வந்தது. ஆட்டவில்லை. சங்கத்தை நினைத்தேன், அச்சகத்தை நினைத்தேன், என் முழங்காலையும் அந்தக் குளிரையும் நினைத்தேன். பயமாக இருக்கிறது என்று சொன்னேன். "எனக்கு அங்க என்ன வேலை?" என்றேன். "ஒண்ணும் இல்ல. சாயங்காலம் நான் வந்து சொல்றதைக் கேக்கணும், அவ்வளவுதான்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. "போகலாம்" என்றேன், நான்கு எழுத்தும் அவளுக்குத் தெளிவாகக் கேட்கும்படி.

ஆகவே மேலே எழுதியது எதற்காகவும் நீ வர வேண்டாம். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். உன் அக்கா வாங்கி வைத்துக்கொண்டு, உறையில் அவளே முகவரியும் எழுதிவிட்டாள். "அனுப்புங்க. பொண்டாட்டி கேட்டதுக்கெல்லாம் என் தம்பி இதுவரைக்கும் எதெதுக்குத் தலையாட்டியிருக்கான்னு அவனும் போய் விசாரிக்கட்டும்" என்றாள்.