டூபாவின் வாயில் பதினான்கு புழுக்கள்

ஒரே புதன்கிழமையில் நூற்றெழுபது வாய்களிலிருந்து புழு எடுத்தார் ஊர் ஊராய் வரும் நாட்டு வைத்தியர் தோன் பிலிபெர்த்தோ. ஓஹாக்கா மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட லாரி பிடித்து வந்தார்கள். சர்க்கரை இறங்கும், ஈறு ஆறும், தொப்பை கரையும். மூன்றுக்கும் ஒரே புழுதான் காரணமாம். நூற்றெழுபத்தொன்றாவது வாய் என்னுடையது. எங்கே முட்டாள்தனம் நடந்தாலும் வரிசையில் எனக்கு ஓர் இடம் உண்டு.

நான் ஹசின்தோ. ஊர் பேண்டில் முதல் ட்ரம்பெட். எடை நூற்று இருபத்தெட்டு கிலோ. முன்பற்கள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. ட்ரம்பெட்டை உதட்டில் அழுத்தி ஊதப் பின்னால் பல் தாங்க வேண்டும். அது போனால் முதல் ட்ரம்பெட் போய்விடும், தொப்பை மட்டும் மிஞ்சும்.

பல் டாக்டர் நயேலி முன்பே சொல்லியிருந்தார். "ஈறு புண்ணா இருந்தா சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினா ஈறு அழுகும். இந்தத் தொப்பை ரெண்டையும் கெடுக்குது. பல்லைச் சுத்தம் பண்ணணும், மாத்திரையை விடக்கூடாது, கோலாவை விட்டுடணும். அடுத்த வாரமே வாங்க, பல்லைக் காப்பாத்திடலாம்."

நல்ல பெண்தான். ஆனால் அவர் சொன்னதில் குற்றவாளி நான். பிலிபெர்த்தோ சொன்னதில் குற்றவாளி புழு. எது இனித்திருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

எங்கள் ஊரில் சர்க்கரை வியாதி சர்க்கரையால் வருவதில்லை, திடீர்ப் பயத்தால் வருகிறது. பயம் உள்ளே போகும் வழியில் ஈறில் புழு வைத்துவிட்டுப் போகிறது என்பது பிலிபெர்த்தோவின் கண்டுபிடிப்பு. வரிசையில் எல்லாரும் தங்கள் பயத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"என்னைக் காளை முட்ட வந்துச்சு. அன்னிக்கே சர்க்கரை வந்துடுச்சு."

"எனக்கு மின்னல். பக்கத்து மரத்துல விழுந்துச்சு."

"நீ எதுக்குப்பா பயந்தே?" என்று என்னைக் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மானம் போகக்கூடாதே என்று, பஸ் மோத வந்தது என்றேன்.

தண்ணீர்த் தட்டு, அதன் நடுவில் கங்குச் சட்டி. வாயைத் திறந்து குனிந்தேன். தலைமேல் சால்வையைப் போட்டு மூடி, கங்கில் கறுப்பாய் ஏதோ விதையைத் தூவினார். புகை. இருமல். சால்வையை எடுத்தால், தண்ணீரில் வெள்ளை வெள்ளையாய் ஒன்பது புழுக்கள். அழுதேவிட்டேன்.

"வெளிய வந்துடுச்சு. இனி மாத்திரை வேண்டாம். பயம் தெளிய ரொட்டியும் கோலாவும் சாப்பிடு," என்றார். இப்படி ஒரு வைத்தியரை யாருக்குத்தான் பிடிக்காது?

மூன்று புதன் போனேன். புழு குறையவில்லை, பல் ஆட்டமும் குறையவில்லை. நாலாவது புதன் என் மனைவி ஒப்துலியா கூடவே கிளம்பினாள். சோள மாவை மடலில் பொதிந்து அவிக்கும் தமாலைச் சந்தையில் விற்கிறவள். நாளெல்லாம் அடுப்பும் ஆவியும்தான். எங்கள் பேண்டில் மெலிதோன் ஊதும் டூபாவை, ஆள் தலை நுழையும் வாயுள்ள அந்தப் பித்தளைக் குழலை, தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, இது ரெண்டு மாசமா சரியா ஊத மாட்டேங்குது. இதுக்கும் புழு இருக்கான்னு பாருங்க."

"உசுரில்லாததுக்கு எப்படிம்மா புழு வரும்?"

"வராதுல்ல? அப்போ வராம இருக்கறதைப் பாத்துட்டுப் போயிடறோம்."

அவர் வாயைத் திறப்பதற்குள் டூபாவைக் கங்கின்மேல் கவிழ்த்து, சால்வையைப் போர்த்தி, அவருடைய விதையில் ஒரு பிடி அள்ளித் தூவினாள். எடுத்துப் பார்த்தால் பதினான்கு புழுக்கள். கூட்டம் தட்டைச் சுற்றி நெருங்கியது.

"டூபா எப்போ பயந்துச்சு?" என்று ஒருவன் கேட்டான். அந்த ஒருவன் நான்தான்.

ஒப்துலியா என்னை ஒரு பார்வை பார்த்தாள். டூபாவை நகர்த்திவிட்டு, வெறும் கங்கில் இன்னொரு பிடி போட்டாள். விதை பொரிந்து, வெள்ளை முளை பிதுங்கித் தண்ணீரில் விழுந்தது.

"வெங்காய விதைடா குண்டா. மூணு வாரமா உன் வாயைத் திறந்து வெச்சு வெங்காயம் பொரிச்சிருக்கான்."

திரும்பிப் பார்த்தால் பிலிபெர்த்தோ லாரியில் ஏறிக்கொண்டிருந்தார். கங்குச் சட்டியைக்கூட எடுக்கவில்லை.

டாக்டர் நயேலி என் முன்பற்களை ஆட்டிப் பார்த்தார். "நாலு வாரம் முன்னாடி வந்திருந்தா ரெண்டும் நின்னிருக்கும்," என்றார். சர்க்கரை முந்நூற்று நாற்பது. இரண்டு பல்லும் அவர் கையோடு வந்துவிட்டன. இந்த முறை அழுதது புகையால் அல்ல.

இப்போது மாத்திரை உண்டு, கோலா இல்லை, ஈறு ஆறிவிட்டது, பதினொரு கிலோ குறைந்திருக்கிறேன். என் ட்ரம்பெட்டை வேறொருவன் ஊதுகிறான். நான் திருவிழாவில் பெரிய மேளம் அடிக்கிறேன். மேளம் அடிக்கப் பல் வேண்டாம். யோசிக்கவும் வேண்டாம்தான், ஆனால் மக்களே, பல் இருக்கும்போதே யோசித்துவிடுங்கள்.