அக்கறைக்காரர் எழுதிய பரீட்சை

பிள்ளை பெறுவது பெண்தான் என்றாலும் அதற்காகப் படிப்பவர் ஒருவர் இருக்கிறார். மகப்பேறு மருத்துவமனையின் வரிசை நாற்காலிகளில் அவரைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றையும் பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் மனைவி சுமக்க, மிச்சப் பொறுப்பு அத்தனையையும், அதாவது மருத்துவ ஃபைலை, இவர் சுமந்துகொண்டிருப்பார். இந்த இனத்துக்கு அக்கறைக்காரர் என்று பெயர் வைப்போம். குழந்தை பிறந்த சேதி கேட்டு மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடும் பழைய ஆசாமியைத் திட்டுவது சுலபம். இவரை எப்படித் திட்டுவது? இவர் படித்தவராயிற்றே!

எனக்குத் தெரிந்த அக்கறைக்காரர் மூன்றாம் மாதத்திலேயே நான்கு புத்தகங்களை அடிக்கோடிட்டு முடித்திருந்தார். அலுவலகத்தில் யார் விசாரித்தாலும், "எங்களுக்கு இப்ப ஏழாம் மாசம்" என்பார். வாந்தியில் மட்டும் பங்கு கேட்கவில்லை. ஒன்பதாம் மாதத்தில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டவணை ஏறியது: காலை ஆறரைக்கு மூச்சுப் பயிற்சி, பதினொன்றுக்குத் 'தனக்கான நேரம்', நாலுக்கு மனதை லேசாக்கும் நாட்குறிப்பு, மூன்றுக்கும் மூன்று வண்ணம். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த மனைவி தனக்கான நேரத்தில் குழந்தையின் ஈரத்துணிகளை அலசினாள். அந்த நேரத்தில் அவருக்கு அலுவலகக் கூட்டம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பார். அழுகைச் சத்தம் கேட்டால் அவருக்குக் கவனம் சிதறும்.

மனைவியின் அக்கா இரண்டு வாரம் வந்து இருக்கட்டுமா என்று தொலைபேசியில் கேட்டாள். மனைவி வாயைத் திறப்பதற்குள் இவர் வாங்கிப் பேசிவிட்டார். வேண்டாமாம், எல்லாம் திட்டமிட்டாயிற்றாம், நடுவில் ஆள் வந்தால் ஒழுங்கு கெட்டுவிடுமாம்.

அதன் பிறகு ஒரு நாள், பாத்திரத் தொட்டியின் முன்னால் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுதுகொண்டிருந்தாள். அக்கறைக்காரர் பார்த்துவிட்டார். பார்த்ததும் என்ன செய்தார்? குழாயை மூடினாரா, கண்ணைத் துடைத்தாரா? விளக்கினார்.

"இது ஹார்மோன்மா. பயப்படாத. ரெண்டாவது வாரம் இப்படித்தான் வரும்னு போட்டிருக்கு."

"இது ஆறாவது வாரம்ங்க."

அவர் புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டப் போனார்.

அதே வாரம் தாயையும் குழந்தையையும் பரிசோதனைக்கு அழைத்திருந்தார்கள். வெளியே உட்கார்ந்திருந்த அவளிடம் நர்ஸ் ஒரு தாளை நீட்டி, மனசு எப்படி இருக்கிறதென்று பத்துக் கேள்வி, தோன்றுவதை அப்படியே குறிக்க வேண்டும் என்று சொல்லிப் போனார். குழந்தை மடியில் வீறிட்டது. "நீ அவனப் பாரு, நான் எழுதிடறேன்" என்று தாளை உருவிக்கொண்டார் அக்கறைக்காரர். வாழ்நாளில் ஒரு கேள்வியையும் விடாமல் எழுதி மேலே வந்தவர் அல்லவா, தாளைக் கண்டதும் கை தானாகப் பேனாவைத் தேடியது. காரணமில்லாமல் அழுகிறீர்களா? இல்லை, காரணம்தான் ஹார்மோன் என்று தெரிந்துவிட்டதே. தூக்கம் கெடுகிறதா? இல்லை, அவர் நன்றாகத்தான் தூங்கினார். எல்லாம் கைமீறிப் போவதாகத் தோன்றுகிறதா? ஒருபோதும் இல்லை, அட்டவணை இருக்கிறது. எழுதி முடித்ததும் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கேள்வி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

நர்ஸ் தாளைப் பார்த்தார். பிறகு மனைவியின் சட்டையில் துளை மாற்றிப் போட்டிருந்த பொத்தான்களைப் பார்த்தார்.

"இத யாரும்மா எழுதினது?"

"நான்தான் சிஸ்டர்" என்றார் அக்கறைக்காரர். "எல்லாம் நல்லா வந்திருக்குல்ல?"

"நீங்க ரொம்ப நல்லா இருக்கீங்க சார். அவங்க இன்னும் எழுதல."

குழந்தை அக்கறைக்காரர் கைக்கு மாறியது. மனைவி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே நர்ஸ் இன்னொரு தாளைக் கொடுத்தார். தூங்கி எத்தனை நாளாகிறது என்று மட்டும் கேட்டார். "எங்க அக்காவ வரச் சொல்லணும்" என்றாள் அவள், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல். பிறகு இருபது நிமிடம் அழுதாள். நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆறு வாரத்தில் யாரும் விளக்காமல் விட்ட முதல் அழுகை அதுதான். அதன் பிறகுதான் பத்துக் கேள்விக்கும் அவள் பதில் எழுதினாள். ஒன்றுகூட அவர் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. அடுத்த வாரம் மனநல மருத்துவரைப் பார்க்க நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

வெளியே நாற்பது நிமிடம். அக்கறைக்காரர் குழந்தையைத் தோளில் போட்டார், மடியில் கிடத்தினார், ஒற்றை விரலால் கைபேசியில் தேடினார், கூட்டிப் பெருக்க வந்த அம்மாளிடம்கூட யோசனை கேட்டார். கதவு திறந்தபோது சட்டை நனைந்து, தலை கலைந்து, பக்க எண் எதுவும் ஞாபகம் இல்லாதவராக நின்றார்.

"இவன் எப்பவும் இப்படித்தான் அழுவானா?"

"பயப்படாதீங்க" என்றாள் மனைவி. "மொத நாள் இப்படித்தான் வரும்னு போட்டிருக்கு."

அக்காவை அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். திருந்திவிட்டாரா என்கிறீர்களா? அக்கா வருவதற்குள் அவளுக்கும் ஓர் அட்டவணை தயாராகி, நாலாவது வண்ணத்தில் ஒட்டப்பட்டிருந்தது. அக்கா வந்தாள், படித்தாள், கிழித்தெடுத்து மடித்து, ஆட்டம் கண்டிருந்த தொட்டிலின் காலுக்கு முட்டுக் கொடுத்தாள். தங்கை அன்று பகலில் ஐந்து மணி நேரம் தூங்கினாள்.

சிரிக்கிறீர்கள். சிரித்துவிட்டு, இது என் மனைவிக்கு ரொம்பப் பயன்படும், வாசித்துக் காட்ட வேண்டும் என்று எழுந்தும்விட்டீர்கள். உட்காருங்கள் ஐயா. அவள் இப்போதுதான் கண் அசந்திருக்கிறாள். வாசிக்க அவ்வளவு ஆசையென்றால், தொட்டியில் கிடக்கும் பால் புட்டிகளுக்கு வாசித்துக் காட்டுங்கள், கழுவிக்கொண்டே.